மூன்றா, ஐந்தா? எங்கள் வீட்டு தெர்மோஸ்டாட்டோடு ஒரு குளிர்காலம்

மாடியில் பையன் படுக்கும் அறை குளிர்கிறது. கீழே நடையில் சுவரில் இருக்கும் பெட்டியோ 20 டிகிரி என்கிறது. போன நவம்பர் முழுக்க எங்கள் வீட்டில் இதே பஞ்சாயத்துதான். அத்தை திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த நேரம். பேரன் காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கி வந்தால், அந்தப் பெட்டியில் கூட்டல் குறியை நாலைந்து தரம் அழுத்திவிட்டுத்தான் அத்தை காபி போடப் போவார். நான் பின்னாலேயே போய்க் குறைப்பேன். என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பெட்டியின் பெயர் ஹனிவெல் ஹோம் டி6 ப்ரோ. வைஃபை இல்லாத சாதா மாடல். கனடாவில், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் எங்களுடையது பழைய செங்கல் வீடு. அக்டோபரில் பழைய ஃபர்னஸைக் கழற்றிவிட்டுப் புதிதாக 96 சதவீதத் திறனுள்ள கேஸ் ஃபர்னஸ் போட்டோம். அதோடு சேர்த்து இந்தப் பெட்டியும் வந்தது. தனியாக வாங்கினால் நூறு டாலரை ஒட்டி வரும். ஒரு குளிர்காலம் முழுவதும் இதோடு குடித்தனம் நடத்தியாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஃபர்னஸ் என்பது அடித்தளத்தில் பீரோ உயரத்துக்கு நிற்கும் ஒரு தகரப் பெட்டி. கேஸ் எரிந்து காற்றைச் சூடாக்கும். மின்விசிறி அந்தக் காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக வீடு முழுக்கத் தள்ளும். தரையில் உள்ள கம்பி மூடிகள் வழியாக அது அறைக்குள் வரும், இங்கே அதை வென்ட் என்பார்கள். எப்போது எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்வதுதான் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் வேலை. ஓர் உள்ளங்கை அளவு. வெள்ளை. இருட்டிலும் தெரிகிற பெரிய எண்கள். அத்தை கண்ணாடி போடாமலே படித்துவிடுவார். அதுவே பாதி வெற்றி. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். அல்லது ஃபர்னஸிலிருந்து 24 வோல்ட் கொண்டுவரும் சி வயர் இருந்தால் அதிலேயே ஓடும். எங்கள் சுவருக்குள் அந்த வயர் ஏற்கெனவே சுருட்டிக் கிடந்தது, நல்ல வேளை. ஜனவரி ராத்திரியில் மைனஸ் இருபதில் பேட்டரி தீர்ந்து ஃபர்னஸ் நின்றால், விடிவதற்குள் தண்ணீர்க் குழாய் உறைய ஆரம்பித்துவிடலாம். சி வயர் இருந்தால் கண்டிப்பாக இணைக்கச் சொல்லுங்கள்.

சரி, 28 டிகிரி விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் மத்தியானம் வேலையிலிருந்து சீக்கிரமாக வந்து கதவைத் திறக்கிறேன், முகத்தில் சித்திரை மாத மதுரை அடிக்கிறது. பெட்டியில் 28 என்று வைத்திருக்கிறார் அத்தை. "ரொம்பக் குளிருச்சும்மா. சீக்கிரம் சூடேறட்டும்னு கூட்டி வச்சேன், அப்புறம் மறந்தே போச்சு" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. ஃபேன் ரெகுலேட்டரில் நாலை விட ஐந்து வேகம், கேஸ் அடுப்பில் திருகத் திருகத் தீ பெரிசாகும். ஆயுசு முழுக்கக் கை பழகினது அதுதான். எனக்கும் இங்கே வந்த புதிதில் இதே நினைப்புதான்.

அத்தைக்கு நான் காட்டியது இஸ்திரிப் பெட்டியை. அதில் ஒரு சின்ன சிவப்பு லைட் இருக்குமே, எரியும், அணையும், மறுபடி எரியும். பட்டுப் புடவைக்கு வைத்தாலும் பருத்தி வேட்டிக்கு வைத்தாலும் லைட் எரிகிற நேரத்தில் உள்ளே கம்பி சூடாவது ஒரே வேகத்தில்தான். எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் மாறும். எங்கள் ஃபர்னஸும் அப்படித்தான். எரிந்தால் முழுசாக எரியும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். 21 வைத்தாலும் 28 வைத்தாலும் 21-ஐத் தொட ஆகும் நேரம் ஒன்றே. 28 வைத்தால் அங்கே நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அத்தை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா கீசரையும் நான் தப்பாத்தான் திருகிட்டு இருந்தேனா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை.

ஆனால் இதில் இன்னொரு முடிச்சு இருந்தது. காலையில் எல்லாம் சரியாக இருக்கும் வீடு ஏன் எட்டு மணிக்கு மேல் அத்தைக்கு மட்டும் குளிர வேண்டும்? பெட்டிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு நாளை நாலு பொழுதாகப் பிரித்திருப்பார்கள்: வேக், அவே, ஹோம், ஸ்லீப். காலை 6, காலை 8, மாலை 6, இரவு 10. எட்டு மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள், வீட்டில் ஒருவரும் இல்லை என்று கணக்கு. ஃபர்னஸ் மாட்ட வந்தவர் அந்த அட்டவணையை அப்படியே ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார். தினமும் எட்டு மணிக்கு வீடு 17 டிகிரியை நோக்கி இறங்கியது, உள்ளே அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் இது தெரியாமல் அவரிடம் முகத்தைச் சுளித்திருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் வீடுகளில் முதல் வேலையாக இந்த 'அவே' பொழுதை எடுத்துவிடுங்கள். அட்டவணைக்குள் போய் அந்தப் பொழுதை ரத்து செய்யலாம், அல்லது அதன் டிகிரியை மட்டும் ஏற்றி வைக்கலாம்.

இதோடு ஒட்டியதுதான் 'ஹோல்ட்'. கூட்டல் கழித்தலை அழுத்தினால் நாம் வைத்த டிகிரி நிரந்தரம் இல்லை. அட்டவணையில் அடுத்த பொழுது வரும் வரைதான் செல்லும். அத்தை காலை ஒன்பது மணிக்கு வைத்த 28, மாலை 6 வரை நிற்கும். அப்புறம் தானாகப் பழைய வழிக்கு வந்துவிடும். எப்போதுமே இதுதான் வேண்டும் என்றால் மெனுவில் நிரந்தர ஹோல்ட் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் திரையில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். ஊருக்குப் போகிறவர்கள் நிரந்தர ஹோல்டில் 15 அல்லது 16 வைத்துவிட்டுப் போவது வழக்கம். திரும்பி வந்ததும் அதை நீக்க மறந்தால், எவ்வளவு அழகாக அட்டவணை போட்டிருந்தாலும் அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

அட்டவணை தேவையா என்றால், தேவைதான். ராத்திரி குறைத்து வைத்துவிட்டுக் காலையில் மறுபடி சூடேற்றினால் மிச்சமானதெல்லாம் போய்விடும் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் உயர்ந்திருக்கும்போது ஓட்டை வழியே வேகமாக ஒழுகும், மட்டம் தாழ்ந்தால் மெதுவாக ஒழுகும். வீட்டிலிருந்து சூடு வெளியேறுவதும் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்துத்தான். ராத்திரி 17-இல் கிடந்த வீடு அந்த எட்டு மணி நேரமும் குறைவாக ஒழுகியிருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கில், தினமும் எட்டு மணி நேரம் 7 முதல் 10 ஃபாரன்ஹீட் டிகிரி குறைத்து வைத்தால் வருஷச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கலாம். நம் செல்சியஸ் கணக்கில் கிட்டத்தட்ட நாலிலிருந்து ஐந்தரை டிகிரி. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. 20-லிருந்து 17, அதோடு சரி.

அதற்கே வீட்டில் எதிர்ப்பு வந்தது, அதுவும் நான் நினைக்காத பக்கத்திலிருந்து. இட்லி மாவு. அத்தை சனிக்கிழமை ராத்திரி மாவை அரைத்துச் சமையலறைத் தரையில் உள்ள வென்ட் பக்கத்தில் வைப்பார். பத்து மணிக்கு மேல் ஃபர்னஸ் ஓய்ந்துவிடும், வீடு மெல்ல இறங்கும், காலையில் மாவு வைத்தது வைத்தபடியே இருக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோசைதான், அதுவும் முறுகாத தோசை. கடைசியில் மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து ஓவன் லைட்டை மட்டும் போட்டுவிடும் பழைய வழிக்கே வந்துவிட்டோம். ஒரு மாவுப் பாத்திரத்துக்காக முழு வீட்டையும் சூடாக்க முடியாது என்று அத்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

காலை 6 மணிக்கு 20 டிகிரி என்று வைத்திருக்கிறோம், ஃபர்னஸ் ஐந்தேகாலுக்கே உறுமுகிறதே என்று முதல் வாரம் பயந்துபோனேன். பழுது இல்லையாம். ஆறு மணிக்கு 20-ஐத் தொட எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பெட்டி நாளாக நாளாகக் கற்றுக்கொள்கிறது. குளிர் அதிகமானால் இன்னும் சீக்கிரம் எழும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். நான் அணைக்கவில்லை. பையனை எழுப்பும்போது தரை ஜில்லென்று இல்லாமல் இருப்பது பெரிய உபகாரம்.

ஃபேன் அமைப்பைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஆட்டோ'வில் வையுங்கள். 'ஆன்' வைத்தால் கேஸ் எரியாதபோதும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், வென்ட் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிர் காற்று அடிப்பது போல் இருக்கும். நடுவில் 'சர்குலேட்' என்று ஒன்று உண்டு. அது அவ்வப்போது, மொத்த நேரத்தில் ஏறக்குறைய 35 சதவீதம், ஃபேனை மட்டும் ஓட்டும். மாடிக்கும் கீழுக்கும் சூடு கொஞ்சம் கலக்கட்டும் என்று அதையும் போட்டுப் பார்த்தேன். மாடி அறையில் பெரிதாக மாற்றம் இல்லை.

மாடி அறை. அங்கேதான் உண்மையான விஷயம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பக்கத்து வீட்டு அண்ணை.

அண்ணைக்கு யாழ்ப்பாணம். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஃபர்னஸ் வேலைதான் பார்த்தார், இப்போது ஓய்வு. கார் மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "வீட்டுக்கு ஒருக்கா வாறன் பிள்ளை. அதுக்கு முன்னம் ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு மணித்தியாலத்தில உங்கட ஃபர்னஸ் எத்தினை தரம் பத்துது எண்டு எண்ணி வையுங்கோ" என்றார்.

அன்று ராத்திரி ஏழரை மணிக்கு, வெளியே மைனஸ் 4, அடித்தளத்தில் துணி மடித்துக்கொண்டே எண்ணினேன். கேஸ் பில்லின் உறைதான் கைக்குக் கிடைத்தது, அதன் பின்பக்கம் கோடு போட்டேன். இந்த மாதிரி ஃபர்னஸ் பற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் புகையை வெளியே இழுக்கும் சின்ன விசிறி ங்ங்ங் என்று முனகும். கொஞ்ச நேரம் கழித்து 'டக்' என்று கேஸ் வால்வு. உடனே துணியை உதறினாற்போல் ஒரு 'புஸ்'. அரை நிமிஷம் ஒன்றும் நடக்காது. உள்ளே தகடுகள் சூடாகின்றன. அப்புறம்தான் பெரிய ஃபேன் கிளம்பி, குழாய்கள் பொடபொடவென்று சத்தம் போட்டு, காற்று மேலே போகும். ஒரு மணி நேரத்தில் ஐந்து கோடுகள் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிஷம் எரிந்தது, ஆறு நிமிஷம் ஓய்ந்தது. கடிகாரம் வைத்தது மாதிரி.

மறுநாள் அண்ணை வந்தார். உறையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "ஐஞ்சு. நான் நினைச்சன். உது பழைய ஃபர்னஸுக்கு உள்ள கணக்கு பிள்ளை. உங்கட ஃபர்னஸுக்கு மூண்டு வைக்கோணும்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பெட்டியின் முன்னால் நின்றார், இரண்டு பொத்தான்களைச் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினார். அதுவரை நான் பார்த்தே இராத ஒரு மெனு திறந்தது. மூன்று இலக்க எண்களாக வரிசை. என்ன வகைச் சூடு, என்ன வகை ஃபர்னஸ், எத்தனை படி, ஃபேனை யார் ஓட்டுவது. மாட்டுகிறவருக்கான மெனுவாம். அதில் ஃபர்னஸ் வகை என்ற இடத்தில் 'சாதாரணத் திறன்' என்று, ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தது. அண்ணை அதை 'உயர் திறன்' என்று மாற்றினார். மாற்றியதும் இன்னோர் இடத்தில் இருந்த எண் ஐந்திலிருந்து மூன்றுக்குத் தானாக வந்தது.

அந்த எண்தான் இந்தப் பெட்டியின் உயிர் என்பது என் முடிவு. ஆங்கிலத்தில் சைக்கிள் ரேட் என்பார்கள்: ஒரு மணி நேரத்தில் ஃபர்னஸ் எத்தனை முறை பற்றி அணையலாம். நீராவி வைத்துச் சூடாக்கும் பழைய கட்டடங்களுக்கு 1. சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கும், 90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள கேஸ் ஃபர்னஸுக்கும் 3. அதற்குக் கீழே உள்ள சாதாரண ஃபர்னஸுக்கு 5. மின்சார ஃபர்னஸுக்கு 9. மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும் அமைப்புக்குச் சின்ன எண், சட்டென்று சூடாகிறதற்குப் பெரிய எண். இந்தக் கணக்கு ஃபர்னஸ் பாதி நேரம் ஓட வேண்டியிருக்கும் நாளுக்குச் சொல்வது. ரொம்பக் குளிரில் அது நீளமாக ஓடும், இதமான நாளில் எப்போதாவது பற்றும், இரண்டிலும் எண்ணிக்கை குறைந்துவிடும். நான் எண்ணிய மைனஸ் 4 ராத்திரி, தற்செயலாக, சரியாக அந்தப் பாதிப் பளு நாள்.

ஐந்து என்றால் ஆறு நிமிஷம் எரிவது. அதில் முதல் அரை நிமிஷம் ஃபேனே கிடையாது. பிறகு அடித்தளத்தில் ஆறிக் கிடக்கும் தகரக் குழாய் முதலில் சூட்டைக் குடிக்கும். நடையில் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வென்டுக்கு நல்ல சூடு உடனே வந்துவிடும், பெட்டி திருப்தி ஆகிவிடும், அணைத்துவிடும். குழாயின் கடைசி முனையில் இருக்கும் பையன் அறைக்குக் காற்று வெதுவெதுப்பாக வர ஆரம்பிக்கும்போது கடை சாத்தியாகிவிடும். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வருவதற்குள் இலையை எடுத்துவிடுவது மாதிரி. மூன்று வைத்ததும் பத்து நிமிஷம் எரிந்து பத்து நிமிஷம் ஓய ஆரம்பித்தது. எரியும் மொத்த நேரம் அதே அரை மணிதான். ஆனால் அந்தக் கூடுதல் நாலு நிமிஷத்தில் காற்று மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் பையன் ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தான்.

ஃபர்னஸுக்கும் அது நல்லதாம். இந்த உயர் திறன் வகை, புகையில் இருக்கும் நீராவியையும் குளிர்வித்துத் தண்ணீராக்கி அதிலிருக்கும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவது அதனால்தான். அடிக்கடி பற்றி அணைத்தால் அந்த வேலைக்கு நிதானம் கிடைக்காது. கேஸ் பில் குறைந்ததா என்று கேட்காதீர்கள். டிசம்பரும் ஜனவரியும் ஒரே குளிர் இல்லை, அத்தையின் 28-உம் இடையில் நின்றுவிட்டது; எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் திறமை இல்லை. அறை சூடானது, அது நிச்சயம்.

வேறு நிறுவனப் பெட்டிகளில் இதே விஷயம் 'டிஃபரன்ஷியல்' என்றோ 'ஸ்விங்' என்றோ இருக்கும். அங்கே எத்தனை முறை என்று கேட்பதற்குப் பதிலாக, வைத்த டிகிரியிலிருந்து எவ்வளவு இறங்கினால் பற்ற வேண்டும் என்று கேட்பார்கள். அரை டிகிரி என்றால் அடிக்கடி பற்றும், ஒரு டிகிரி என்றால் குறைவாக, நீளமாக. வழி வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று.

அண்ணை போகும்போது, கழற்றி வைத்திருந்த பழைய பெட்டியைக் காட்டச் சொன்னார். வட்டமானது, தங்க நிறம், ஹனிவெல் ரவுண்ட். 1953-இல் சந்தைக்கு வந்தது. வடிவமைத்தவர் ஹென்ரி டிரேஃபஸ். வட அமெரிக்கப் பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும் சுவரில் இதன் முகம்தான். மேல்மூடியை அண்ணை விரல் நகத்தால் சுண்டி எடுத்தார். உள்ளே கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஒரு தகடு, அதன் தலையில் சுண்டு விரல் நகத்தளவு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் ஒரு பாதரசத் துளி. வட்டத்தைத் திருப்பினால் குப்பி சாயும். துளி ஒரு நொடி தயங்கி, சட்டென்று மறுமுனைக்கு ஓடி இரண்டு கம்பிகளை நனைக்கும். அவ்வளவுதான், சுவிட்ச் போட்டாகிவிட்டது. அறை சூடாகச் சூடாகச் சுருள் விரிந்து குப்பி மறுபக்கம் சாய, துளி திரும்பி ஓடும். பையன் ஒரு இருபது தரம் சாய்த்துப் பார்த்திருப்பான்.

நடுவில் ஒரு குட்டி முள், அதன் கீழே ஆம்பியர் எண்கள், ஒரு பக்கம் 'லாங்கர்' என்று அம்புக்குறி. அதுதான் ஆன்டிசிப்பேட்டர். ஃபர்னஸ் எரியும்போது அதில் உள்ள மெல்லிய கம்பியும் சூடாகிச் சுருளைக் கொஞ்சம் ஏமாற்றும். அறை முழுக்கச் சூடாவதற்குச் சற்று முன்பே அணைத்துவிடச் சொல்லும். குழாயில் மிச்சமிருக்கும் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். முள்ளை 'லாங்கர்' பக்கம் தள்ளினால் நீளமாக எரியும். "உந்த முள்ளுதான் இப்ப நம்பராப் போட்டுது" என்றார் அண்ணை. சோறு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைத்து மூடி வைப்போமே, அந்த யோசனையை எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு முள்ளில் வைத்திருக்கிறார்கள். பாதரசம் இருப்பதால் இதைக் குப்பையில் போடக் கூடாது. ஜிப் பைக்குள் வைத்து, நகராட்சியின் ஆபத்தான கழிவுகளை வாங்கும் மையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பையனுக்குத்தான் வருத்தம்.

மாட்டியவர்களைப் பற்றி. பெயர் சொல்லப் போவதில்லை. ஃபர்னஸை ஒழுங்காகத்தான் வைத்தார்கள், குழாய் வேலை சுத்தம். தெர்மோஸ்டாட்டுக்கு வந்ததும் அவசரம். ஃபர்னஸ் வகையை மாற்றவில்லை, அட்டவணையைக் கேட்காமல் ஆன் செய்தார்கள், விளக்கப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஃபர்னஸ் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொன்றும் உண்டு. வயர் வரும் துளையைச் சுவரில் அடைக்கவில்லை. பெட்டியைத் தளத்தட்டிலிருந்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி எடுத்துவிட்டு ஊதுபத்தியைத் துளை முன்னால் பிடித்தபோது புகை அறைக்குள் வளைந்து ஓடியது. சுவருக்குள்ளிருந்து குளிர் காற்று நேராகப் பெட்டியின் முதுகில் அடிக்கிறது. பெட்டி, பாவம், அறை 19 தான் என்று நினைக்கிறது. மேஜையில் வைத்த வேறு வெப்பமானியோ 20 என்கிறது. மெனுவில் காட்டும் டிகிரியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க ஓர் அமைப்பு உண்டு, அதில் ஒரு டிகிரி ஏற்றிவிடலாமே என்று பார்த்தேன். அண்ணை விடவில்லை. காற்றடிக்கும் நாளுக்கும் அடிக்காத நாளுக்கும் அந்தத் தப்பு ஒரே அளவாக இராது, முதலில் துளையை அடை என்றார். அடைப்பதற்கான மாவு போன்ற பசை ஒரு சின்ன டப்பா வாங்கினேன். அடைத்த பிறகு இரண்டு வெப்பமானிக்கும் சண்டை இல்லை.

ஃபர்னஸ் மாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும், மாட்ட வந்தவர் சட்டையைத் தூசி தட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஃபர்னஸ் வகையை உள்ளே சரியாகப் போட்டீர்களா, சைக்கிள் ரேட் எத்தனை. பதில் சொல்லத் தடுமாறினால் அவர் எதிரிலேயே அந்த மெனுவைத் திறக்கச் சொல்லுங்கள். தன் கையால் திறக்கவும் பயப்பட வேண்டாம், ஆனால் முதலில் எல்லா எண்ணையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட் பம்ப், அதாவது ஏசியைத் திருப்பி ஓட்டிச் சூடு தருகிற அமைப்பு, வைத்திருப்பவர்கள் மட்டும் தெரிந்தவரைக் கூப்பிடுவது நல்லது. அதில் ஒரு வால்வின் திசையைத் தப்பாகப் போட்டால் சூடு கேட்கும்போது குளிர் வரும்.

பெட்டிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. வைஃபை வேண்டும், ஃபோனில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. வேறு மாடல் பாருங்கள். சுவரில் இருந்து தன் வேலையைச் செய்தால் போதும், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். சூட்டுக்கு மேல்வரம்பு ஒன்று வைக்கலாம் என்பதும் எனக்குப் பிடித்தது. எங்களுடையது 23-இல் நிற்கிறது. அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். "வச்சுக்கோ, எனக்கு 22 போதும்" என்றார், ஏதோ பேரம் முடித்த மாதிரி.

அரை மதிப்பெண் குறைத்தது சந்தையில் இருக்கும் எல்லாப் பெட்டிகளையும் சேர்த்துத்தான். வீட்டுக்காரர் அன்றாடம் தொடுகிற மெனு ஒன்று, மாட்டுகிறவர் ஒருமுறை தொடுகிற மெனு ஒன்று என்று பிரித்து, அறை சூடாவதைத் தீர்மானிக்கிற எண்ணைக் கொண்டுபோய் இரண்டாவதில் வைக்கிறார்கள். காரணம் புரிகிறது, என் மாதிரி ஆட்கள் நோண்டக் கூடாது என்றுதான். ஆனால் நோண்ட வேண்டியவரும் நோண்டாமல் போய்விட்டால்?

மே மாதம் இதை ஏசி பக்கம் திருப்ப வேண்டும். அதற்கும் அந்த மெனுவில் தனியாக ஒரு சைக்கிள் ரேட் இருக்கிறது. இன்னும் தொடவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.